41 என்ற எண்ணுக்கு யார் பொறுப்பு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் நடத்தும் நம் சங்கத்தின் விளையாட்டுக் குழுவினருக்கு,

தலைவர் அண்ணா, செயலாளர் அக்கா, தேர்வுக் குழுவில் இருக்கும் தம்பிகளே, வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. 15 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கான முதல் சுற்றுத் தேர்வு. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அறுபதைத் தாண்டியவர்கள் பச்சை, தாண்டாதவர்கள் சிவப்பு. கீழிருந்து மூன்றாவதாக, சிவப்பில், இடது கை மணிக்கட்டுச் சுழல் போடும் நம் பையன். 41.

போன சீசனில் இந்த வயதுப் பிரிவில் யார் அதிக விக்கெட் எடுத்தது என்று என் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டினேன். இவன்தான். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அவன் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. அவன் அம்மாவுக்கு போன் செய்தேன். "எனக்குத்தான் 41 ஆச்சே தாத்தா, எதுக்கு வரணும்னு கேக்கறான்" என்றார்.

உங்களுக்கு என்னைத் தெரியும். துணி ஆலையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன், அதைவிடச் சற்றுக் குறைவான காலம் நம் மைதானத்தில் ஸ்கோர் எழுதுகிறேன். வீட்டுக்காரி திருச்சிக்காரி என்பதால் எனக்குத் தமிழில்தான் கோபமும் வரும், எழுத்தும் வரும். ஆங்கிலப் பிரதி ஒன்றைச் செயலாளர் அக்காவின் மேசையில் வைத்துவிட்டேன். இது நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பெற்றோர்களும் மற்றவர்களும் படிப்பதற்காக.

அந்த மதிப்பெண்ணை உங்களில் யாரும் போடவில்லை, புதிதாக வாங்கிய செயலி போட்டது. செயற்கை நுண்ணறிவு. கைபேசியால் ஆறு பந்து படம் பிடித்துக் கொடுத்தால், அது பையனின் உடம்பை அளந்து, "ஆற்றல்" இத்தனை என்று சொல்லிவிடும். நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. என் பேரன் போட்டுத் தந்த ஸ்கோரிங் செயலியைத்தான் இரண்டு வருடமாகப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். கூட்டல் தப்பினால் அதுதான் பிடித்துக் கொடுக்கிறது. என் சண்டை அந்த 41-உடன் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பீன்ஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் அம்மாவின் கைபேசியைச் சாய்த்து வைத்து, செயலி அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். பையன் ஓடி வருகிறான். அவன் உடம்பின் மேல் பச்சைப் புள்ளிகள்: தோளில் இரண்டு, முழங்கையில் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். புள்ளிகளை இணைத்துக் கோடுகள். நம் வாசல் கோலத்தைத் தூக்கி நிறுத்தி ஓடவிட்டதுபோல இருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் மூன்று பந்து ஒழுங்காகப் போனது. நான்காவது பந்தில் கை தலைக்கு மேலே சுழன்று வரும் நேரம் மணிக்கட்டுப் புள்ளி அவன் கையை விட்டுக் கழன்றது. பின்னால் அம்பயர் நிற்கும் இடத்தில் பயிற்சியாளர் நின்றிருந்தார், பிள்ளைகளின் தொப்பிகளை எல்லாம் கையில் அடுக்கிக்கொண்டு. புள்ளி அவருடைய கைக்குத் தாவியது. கண் சிமிட்டும் நேரம், பையனின் தோளிலிருந்து ஒரு நீளமான பச்சைக் கோடு கிளம்பி, பயிற்சியாளரின் தொப்பிக் கட்டில் போய் முடிந்தது. அப்புறம் பழையபடி திரும்பிவிட்டது. மூன்று முறை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது பந்திலும் அதே கதை. கீழே அறிக்கை: "முழங்கை நிலை தவறு. பந்தை விடும் இடம் நிலையாக இல்லை."

எப்படி நிலையாக இருக்கும்? ஒரு பந்தை அவன் விட்டான், இன்னொரு பந்தைத் தொப்பி விட்டது.

அம்மா சிரித்தார். பையன் சிரிக்கவில்லை.

படம் பிடித்தது மாலை ஐந்தரை மணிக்கு. வெயில் கேமராவைப் பார்த்து அடிக்கிறது. கைபேசியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் ரப்பர் பட்டையால் கட்டியிருக்கிறார்கள். சட்டை அண்ணனுடையது, தொளதொள. நல்ல முக்காலியும் விளக்கும் அளவான உடுப்பும் உள்ள கிளப்பில் எடுத்திருந்தால் புள்ளி தாவியிருக்காது. ஆக, அந்த 41-இல் எத்தனை மதிப்பெண் பையனுடையது, எத்தனை நாற்காலியுடையது?

சரி, படத்தை ஒழுங்காக எடுத்தால் போதுமே என்பீர்கள். போதாது. மணிக்கட்டுச் சுழல் என்பது என்ன? மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து கடைசி நொடியில் பந்துக்குக் கொடுக்கும் முறுக்கு. இந்தச் செயலியிடம் ஒரு கையின் மணிக்கட்டுக்கு இருப்பது ஒரே ஒரு புள்ளி. விரல் எதற்கும் புள்ளி கிடையாது. பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்றும் அது பார்ப்பதில்லை. சிமெண்டுத் தரையில் விரித்த நம் பாயில் பந்து விழுந்து எப்படி எகிறுகிறது என்றும் பார்ப்பதில்லை. தவில் வாசிப்பவரின் தோளை மட்டும் அளந்து அவருடைய வாசிப்புக்கு மதிப்பெண் போட்டால் எப்படி இருக்கும்?

இந்த மாதிரிச் செயலிகள் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்துத்தான் எது சரி என்று கற்றுக்கொள்கின்றன. அதிகம் பார்த்ததை நன்றாக அறியும், அபூர்வமாகப் பார்த்ததில் தடுமாறும். இடது கையில் மணிக்கட்டுச் சுழல் போடுபவர்கள் உலகத்திலேயே குறைவு. நம் நாட்டில் ஷம்சி போடுகிறார், அவருக்கு முன் கேப்டவுன்காரர் பால் ஆடம்ஸ். 1995-இல் பதினெட்டு வயதில் ஆடம்ஸ் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட வந்தபோது, மிக்சியில் மாட்டிய தவளை என்று அவர் பந்துவீச்சைக் கேலி செய்தார்கள். பந்தை விடும் நேரத்தில் தலை கீழே தொங்கும், கண் ஆகாயத்தையோ தரையையோ பார்க்கும், மட்டையாளரை மட்டும் பார்க்காது. 45 டெஸ்டில் 134 விக்கெட். நம் செயலியிடம் பதினான்கு வயது ஆடம்ஸின் வீடியோவைக் கொடுத்தால் எந்த நிறத்தில் வருவார் என்று நினைக்கிறீர்கள்?

இதற்குக் கேப்டவுன் வரை போக வேண்டியதில்லை. நம் டர்பன் பிள்ளை ஹாஷிம் அம்லா பேட்டை நேராகப் பின்னால் தூக்காமல், கல்லி தடுப்பாளர் நிற்கும் பக்கமாகக் கோணலாகத் தூக்குவார். இந்த ஆட்டம் டெஸ்டில் நிற்காது என்று ஆரம்பத்தில் எத்தனை பேர் சொன்னார்கள்! 2012-இல் ஓவல் மைதானத்தில் 311 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். டெஸ்டில் முச்சதம் அடித்த முதல் தென்னாப்பிரிக்கர்.

அதற்கும் முன்னால் நம் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பப்வா செவ்கோலம். மற்றவர்களின் கோல்ஃப் மட்டைகளைத் தூக்கும் வேலையில் இருந்தவர். யாரும் சொல்லித்தராததால் கையைத் தலைகீழாக மாற்றிப் பிடித்து ஆடினார்: வலது கை ஆட்டக்காரருக்கு மேலே இருக்க வேண்டிய இடது கை, கீழே. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது தப்பு. அந்தத் தப்பான பிடியோடு டச்சு ஓப்பனை மூன்று முறை வென்றார். 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் கேரி பிளேயரையே தோற்கடித்து மறுபடி வென்றார். அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவர்களிடமும் ஓர் அளவுகோல் இருந்தது, அதைச் சட்டம் என்றார்கள். நம் செயலியும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அது அநியாயம். ஆனால் நம் முப்பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கியபோது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு ஏட்டில் எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணைத் தேடித்தானே இன்றைக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போய் நம் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்கிறோம். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்தால் எனக்கு உடம்பு கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. கிழவனின் பலவீனம் என்று விட்டுவிடுங்கள்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது நம் டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தை விட முடியாது. 2003 மார்ச் 3. உலகக் கோப்பை நம் நாட்டில். இலங்கைக்கு எதிரான ஆட்டம். உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்திருப்பீர்கள், நானும் இருந்தேன், நனைந்தேன். இலங்கை 268. அட்டப்பட்டு 124. நாம் துரத்தும்போது மழை தூறத் தொடங்கியது. மழை ஆட்டத்தை நிறுத்தினால் எத்தனை ஓட்டம் தேவை என்று சொல்லும் டக்வொர்த் லூயிஸ் அட்டவணை அச்சடித்த காகிதம் நம் வீரர்கள் கையில் இருந்தது. 45 ஓவர் முடிவில் 229 என்று அதில் போட்டிருந்தது. அதை எட்டினால் வெற்றி என்று உள்ளிருந்து செய்தி போனது. முரளிதரன் பந்துவீச, பவுச்சர் அந்த ஓவரின் ஐந்தாவது பந்தை சிக்சருக்குத் தூக்கினார். 229 வந்துவிட்டது. கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமல் நின்றார். மழை கொட்டியது. ஆட்டம் முடிந்தது.

229 சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230.

கணக்கு போட்டதில் தவறில்லை. காகிதத்திலும் தவறில்லை. அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்க ஓய்வறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து முதல் சுற்றிலேயே வெளியேறினோம். போலாக்கின் தலைமை போனது. இருபத்திரண்டு வயது ஸ்மித் கேப்டனானார். பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர், மைதான விளக்கை அணைக்கும் வரை தன் டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டே இருந்தார். தப்பு எங்கே என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

அன்றைக்கு அது வெறும் அட்டவணை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். இன்றைக்கு நம்மிடம் இருக்கும் 41-ஐ யாரும் கூட்டிப் பார்க்க முடியாது. எதில் எத்தனை குறைந்தது, எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது என்று விற்பனைக்காரரிடம் நான் மின்னஞ்சலில் கேட்டேன். அது வணிக ரகசியம் என்று பதில் வந்தது.

பெரிய ஆட்டங்களில் இதையெல்லாம் விட நல்ல கருவிகள் இருக்கின்றன, அவையும் சறுக்குகின்றன. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரில் ஆள் இல்லாமல் தானாகப் பந்தைப் பின்தொடரும் கேமராவை வைத்துக் கால்பந்து ஒளிபரப்பினார்கள். அது எல்லைக்கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணி ஆட்டம் முழுக்க அவரையே திரும்பத் திரும்பக் காட்டியது. (நம் தலைவர் அண்ணா இனி பவுண்டரி ஓரம் தொப்பி போட்டு நிற்பது நல்லது.) 2025-இல் விம்பிள்டன் டென்னிஸ் 147 வருடப் பழக்கத்தை விட்டுக் கோட்டு நடுவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதே வருடம் ஓர் ஆட்டத்தில் யாரோ தவறுதலாக மைதானத்தின் ஒரு பகுதிக்கான கருவியை நிறுத்திவிட்டார்கள். வீராங்கனை பாவ்லியுசென்கோவாவுக்கு எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது, கருவி மூச்சு விடவில்லை. நாற்காலியில் இருந்த நடுவரும் அதை அவுட் என்று சொல்லவில்லை, அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார்.

கேப்டவுனின் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் 2022-இல் இந்தியாவோடு நடந்த டெஸ்ட் நினைவிருக்கிறதா? அஸ்வின் பந்தில் நம் எல்கர் எல்பிடபிள்யூ. அம்பயர் எராஸ்மஸ் கை தூக்கினார். எல்கர் மறுபரிசீலனை கேட்க, பந்து ஸ்டம்புக்கு மேலே போகும் என்று, பந்தின் பாதையைக் கணிக்கும் ஹாக்-ஐ கருவி காட்டியது. எராஸ்மஸே நம்பவில்லை. நம் சென்னைக்காரர் அஸ்வின் ஸ்டம்ப் மைக்கில் குனிந்து ஒளிபரப்பாளரைக் குத்திப் பேசியது உலகம் முழுக்கக் கேட்டது. யார் சரி என்று என் வீட்டிலேயே இன்னும் முடிவாகவில்லை, திருச்சி ஒரு கட்சி, டர்பன் ஒரு கட்சி. ஆனால் ஹாக்-ஐயில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: அம்பயர்ஸ் கால். பந்தின் பாதியைவிடக் குறைவாகத்தான் ஸ்டம்பில் படும் என்று தெரிந்தால், கருவி ஒதுங்கிக்கொண்டு களத்து நடுவர் சொன்னதை நிற்க விடுகிறது. இதற்கு மேல் எனக்கு உறுதியில்லை என்று சொல்லத் தெரிந்த கருவி அது. பல கேமரா, பல வருட உழைப்பு, அதற்கே அந்த அடக்கம். நாற்காலியில் கட்டிய ஒரு கைபேசிக்கு அது இல்லை. 41 என்றால் 41, 40-ஆகவும் இருக்கலாம் 70-ஆகவும் இருக்கலாம் என்று ஒரு சொல் இல்லை.

கருவி ஒருவரைக் காப்பாற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசுவதாக ஆகும். அதே முரளிதரன். 1995-இல் மெல்போர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று அம்பயர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அப்புறம் பெர்த்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பல கோணங்களில் படம் பிடித்து அளந்தார்கள். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, அதனால்தான் எறிவதுபோலத் தெரிகிறது என்றார்கள். பிறகு மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, சுத்தமான கை என்று பெயர் எடுத்தவர்களுக்கும் முழங்கை கொஞ்சம் மடங்கி நிமிர்வது தெரிந்தது. 15 டிகிரி வரை பரவாயில்லை என்று விதியையே மாற்றினார்கள். 2010-இல் இலங்கையின் காலி மைதானத்தில் 800 விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். அங்கே அளந்தவர்கள் இன்னார் என்று தெரியும். எப்படி அளந்தோம் என்று சொன்னார்கள். சந்தேகப்பட்டவர்கள் மறுபடி அளக்கச் சொன்னபோது அவரும் மறுபடி போய் நின்றார். நம் பையனுக்கு யாரிடம் போய் நிற்க வழி இருக்கிறது?

நீங்கள் ஏன் இந்தச் செயலியை வாங்கினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை மறைத்துப் பேசினால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இல்லை. போன வருடம் பொதுக்கூட்டத்தில் மாமன் மச்சான் தேர்வு என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். யார் பிள்ளை, யார் மருமகன், யார் கோவில் கமிட்டியில் என்று பார்த்துத்தான் அணி அமைகிறது என்றேன். மேசையைத் தட்டினேன் என்றுகூட நினைவு. அதற்குப் பதிலாகத்தான் நீங்கள் யாருக்கும் மாமனும் இல்லாத மச்சானும் இல்லாத ஒன்றைக் கொண்டு வந்தீர்கள். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் அன்று கேட்டது தேர்வுக்குக் காரணத்தை. மாமன் மச்சான் காலத்தில் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், இப்போது காரணம் யாருக்குமே தெரியாது. முன்பாவது மைதான ஓரத்தில் பிடித்து நிறுத்திச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார்.

அப்புறம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைச் சொல்கிறேன். போப்பியா என்று நாம் சொல்லும் 2013-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக அமலில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தகவலைத் தொடுவதற்கு, ஒரு சில விதிவிலக்கு தவிர, பெற்றோர் அல்லது பொறுப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது. 71-ஆம் பிரிவு இன்னும் நேராக வருகிறது: ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை, அவருடைய திறமை, நடத்தை போன்றவற்றைக் கணிக்கும் இயந்திரத்தை மட்டுமே வைத்து எடுக்கக் கூடாது. வட்டார அணித் தேர்வு இதற்குள் வருமா என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். எந்தப் பெற்றோரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீடியோக்கள் எந்த நாட்டுக் கணினியில் கிடக்கின்றன என்று செயலாளர் அக்காவுக்கும் தெரியவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். குழுவில் போட்ட அந்தப் பட்டியலை நாளைக்கே எடுத்துவிடுங்கள். பச்சை சிவப்பு எல்லாம் நடுவீதியில் வேண்டாம். அணியில் சேர்ப்பதையும் விடுவதையும் தேர்வுக் குழு நேரில் பார்த்துச் செய்யட்டும், விட்ட பிள்ளைக்கு இரண்டு வரியில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி. செயலிக்கும் வேலை இருக்கிறது, தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேகப்பந்து போடும் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை பந்து போடுகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். வளரும் வயதில் அளவுக்கு மீறிப் போட்டு முதுகெலும்பில் விரிசல் விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளி, கிளப், சங்கம் என்று மூன்று இடத்தில் போடும் பிள்ளையின் கணக்கு இன்று யாரிடமும் இல்லை, என் புத்தகத்திலும் நம் ஆட்டங்கள் மட்டும்தான். பந்தை எண்ணுவது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை, அது சலிக்காது. வீடியோவைப் பிள்ளைக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும் காட்டுங்கள், புள்ளி தாவும் இடத்தைப் பார்த்து அவர்களே சிரித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பையனிடம் பேசிவிட்டேன். லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு இரண்டாவது வலையில் ஆறு ஓவர் போடுகிறேன் என்றான். மட்டை பிடிக்க 17 வயது அணியிலிருந்து ஒருவன் வருகிறான். தேர்வுக் குழுவில் இருந்து குறைந்தது இருவராவது வந்து அம்பயர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் அவன் மணிக்கட்டு தெரியும். கையில் தொப்பி எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தேநீர் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கோரர்
சாட்ஸ்வொர்த், டர்பன்